பிறநாட்டுக் காசுகளும் நம் நாட்டுச் சரித்திரமும்

ஓய்வு நேரத்தை வீணே போக்காது பயனுறக் கழித்தற்கு இளைஞரும் யுவதியரும் ஏதேனும் ஒரு நற்பொழுதுபோக்கைக் கைக்கொள்ளுதல் வேண்டும் என்பது அறிஞர் கூற்று. முத்திரை சேர்ப்போர் நம்மிடையே பலர் உளர். பிறநாட்டுக் காசுகளைச் சேர்ப்போரும் சிலர் உளர். இவர்களைப் பார்த்து, "செல்லாக் காசைச் சேர்த்து என்ன கண்டீர்கள்?" என்று வினவுகின்ற பெரியோரும் இல்லாமலில்லை. அவ்வினா நியாயமானதே. அதற்குத் தக்க விடை கூறுதலே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

செல்லாக் காசு சந்தையிலே ஒரு பிடி கீரையும் வாங்கித் தராது. ஆயினும் சரித்திரம் என்னும் வழக்கிலே அது வந்து சாட்சி சொல்லும். ஏடு செல்லரிக்கும், ஓலை நெருப்புக்கு இரையாகும், எழுதியவன் தன் அரசனைப் புகழ்ந்து கூட்டியுரைத்தலும் உண்டு. மண்ணுள் ஆயிரம் ஆண்டு கிடந்த காசோ தன்மேற் பொறிக்கப்பட்டதை அப்படியே காட்டும். எனினும் ஒன்று. நீதிமன்றத்திலே ஊரும் பேரும் கூறாத சாட்சியின் சொல் ஏறாது. அங்ஙனமே, எந்த ஊரில், எந்நிலத்தில், எப்பொருள்களோடு கிடைத்தது என்பது தெரியாத காசின் சாட்சியும் பாதி செத்ததாகும். காசு சேர்க்கும் இளைஞர் தம் உள்ளத்தில் இருத்த வேண்டிய முதற் பாடம் இதுவே.

பொழுதுபோக்கின் பழமை

பிறநாட்டுக் காசுகளை விரும்பிச் சேர்த்தல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. உரோமாபுரியின் முதற் பேரரசனாகிய ஒகஸ்தசு விழாக் காலங்களில் தன் நண்பர்களுக்குப் பரிசு வழங்கும்போது, பழைய அரசர்களின் காசுகளையும் அயல்நாட்டுக் காசுகளையும் அளிப்பதுண்டு என்று அவனது சரிதத்தை எழுதிய சுவெத்தோனியசு குறிப்பிட்டுள்ளார். அஃதாவது, ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே வேற்றுநாட்டுக் காசு கையுறையாகக் கொடுக்கத்தக்க ஓர் அரும்பொருளாக மதிக்கப்பட்டது.

சீனதேசத்திலே கி. பி. 1149ஆம் ஆண்டில் கொங் சுன் என்னும் அறிஞர் காசுகளைப் பற்றித் தனி நூலொன்றை எழுதி முடித்தார். சீனக் காசுகளை வகைப்படுத்தியதோடு அமையாது, பிறநாட்டுக் காசுகளுக்கென ஒரு பகுதியையும் அவர் அதில் ஒதுக்கினார். இத்தாலியக் கவிஞராகிய பெற்றார்க்கு பழைய உரோமக் காசுகளைத் தேடிச் சேர்த்தவர். பின்னர்ப் பேரரசனாக முடிசூடிய நான்காம் சாள்சை அவர் 1354ஆம் ஆண்டிற் சந்தித்தபோது, முன்னோர் உருவம் பொறித்த பொன், வெள்ளிக் காசுகள் சிலவற்றை அவனுக்கு அளித்து, இவர்களைப் போல நீயும் நல்லாட்சி புரிவாயாக என்னும் கருத்துப்பட உரைத்தார். காசு வெறும் விலைப்பொருளாக அல்லாது அறிவு புகட்டும் ஆசானாகவும் அமையும் என்பதை அவர் உணர்ந்திருந்தனர் போலும்.

இலங்கை வேந்தன் கண்ட வேற்றுநாட்டுக் காசு

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள். நமது இலங்கைத் தீவிலேயே பிறநாட்டுக் காசைக் கையில் எடுத்துப் பார்த்து, அதனின்று அந்நாட்டாரின் குணத்தை மதிப்பிட்ட அரசன் ஒருவனைப் பற்றிப் பிளினி என்னும் உரோம ஆசிரியர் கி. பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிவைத்துள்ளார்.

செங்கடற் பகுதியில் வரி வாங்கும் குத்தகையைப் பெற்றிருந்தவன் அன்னியசு புளோக்கமசு. அவனால் விடுதலை செய்யப்பட்ட அடிமை ஒருவன் அரேபியாவை அண்டிக் கலத்திற் செல்லும்போது காற்றினால் அடிபட்டு, பதினைந்தாம் நாள் இலங்கைத் துறையொன்றை வந்தடைந்தான். இலங்கை மன்னன் அவனை அன்போடு உபசரித்தான். ஆறு திங்களில் அவன் இந்நாட்டு மொழியைக் கற்றுத் தன் நாட்டின் செய்திகளை அரசனுக்கு எடுத்துரைத்தான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை அரசன் நோக்கினான். அவற்றிலே பொறிக்கப்பட்ட முகங்கள் வெவ்வேறாயிருந்தன. எனவே அவை வெவ்வேறு அரசர் காலத்தவை என்பது தெளிவு. ஆயினும் எல்லாக் காசும் ஒரே நிறையாயிருந்தன. அரசர் மாறினும் நிறை மாறாத இந்நேர்மையைக் கண்டு மன்னன் வியந்து, உரோமாபுரிக்குத் தூதுவர் நால்வரை அனுப்பினான் என்பது பிளினியின் கூற்று. அத்தூது சென்றது கிளோடியசு பேரரசன் காலத்தில், அஃதாவது கி. பி. 41க்கும் 54க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆகும்.

தமிழிலே 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும். வாய்மை தவறாத நடத்தையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கும்படி நடந்துகொண்டவன் அம்மன்னன் எனலாம். காசின் நாணயத்தைக் கொண்டு அதை அடித்தவரின் நாணயத்தை அவன் அளந்தான்.

இதனைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுதற்கும் இயலாது. எகிப்தின் கீழைப் பாலைவனத்தில், செங்கடற்றுறைக்குச் செல்லும் பழைய வழியிலே, அன்னியசு புளோக்கமசுவின் அடிமை ஒருவன் கி. பி. 6ஆம் ஆண்டில் வெட்டிவைத்த கற்பொறிப்பு கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. எனவே பிளினி குறிப்பிட்ட குடும்பத்தார் உண்மையில் அக்காலத்துச் செங்கடல் வழியில் அலுவல் பார்த்தவர்களே.

ஐந்நூறு ஆண்டுகளின் பின் இதனையொத்த மற்றொரு கதையைக் கொஸ்மஸ் என்னும் அலெக்சாந்திரியா நகரத்து வணிகத்துறவி எழுதியுள்ளார். சோபாத்தர் என்னும் உரோம நாட்டு வணிகரும் பாரசீகர் ஒருவரும் ஒரே காலத்தில் இலங்கைத் துறையில் இறங்கினர். உங்கள் அரசரிருவருள் பெரியவர் யார் என்று மன்னன் வினவினான். பாரசீகர் தம் அரசனின் பெருமையை விரித்துப் பேசினார். சோபாத்தரோ, "இரண்டு அரசரும் இங்கேயே இருக்கின்றனர், அவர்களின் காசுகளை வாங்கிப் பாரும்" என்னும் கருத்துப்பட மொழிந்தார். உரோமக் காசு ஒளிவீசும் பொன். பாரசீகக் காசு வெள்ளி. இரண்டையும் புரட்டிப் பார்த்த மன்னன் உரோமரே மேலோர் எனத் தீர்ப்புக் கூறி, சோபாத்தரை யானைமேல் ஏற்றி முரசொலியோடு நகர்வலம் வரச்செய்தான் என்பது கதை. இரு கதைகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பின்னையதை ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். ஆயினும், பல தேசத்துக் காசும் வந்து கூடுமிடம் இலங்கை என்னும் எண்ணம் அக்காலத்து மேனாட்டாரிடம் நிலைபெற்றிருந்தது என்பதை இக்கதை நன்கு காட்டுகின்றது.

மண் கூறும் செய்தி

நூல்கள் கூறுவது ஒருபுறமிருக்க, மண் என்ன கூறுகின்றது? இங்கேதான் காசு கிடைத்த இடத்தின் முக்கியத்துவம் வெளிப்படுகின்றது.

பிளினி கூறும் முதலாம் நூற்றாண்டு உரோம வெள்ளிக் காசுகளும் பொற்காசுகளும் இலங்கையில் மிக அரிதாகவே கிடைத்துள்ளன. கடலுக்கு அப்பால் தமிழகத்திலோ அவை குடங்குடமாகக் கிடைத்தன. புதுக்கோட்டையில் 1898ஆம் ஆண்டிற் கண்டெடுத்த புதையலில் மாத்திரம் 501 பொற்காசுகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் மீது பேரரசனின் முகத்தைக் குறுக்கே வெட்டிய கீறல் காணப்படுகின்றது. அவை இப்போது இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. மிளகுக்கும் முத்துக்கும் துகிலுக்கும் விலையாக இந்நாடுகளுக்குப் பொன் ஓடுகின்றதே என்று பிளினி தம் நூலில் அலமந்து, இந்தியா மாத்திரம் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தர் பணத்தை விழுங்குகின்றது எனக் கணக்கும் கூறுகின்றார். அவர் துயரத்துக்குக் காரணமான பொன் நம் அயலிலேயே புதைந்து கிடந்தது!

இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைப்பவை கி. பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சிறு செப்புக் காசுகள். பேரரசனின் தலை ஒருபுறமும், வெற்றித் தெய்வமோ சிலுவைக் குறியோ மறுபுறமும் அமைந்து, பெரும்பாலும் தேய்ந்தனவாக அவை காணப்படும். கந்தரோடை, மாந்தை, அநுராதபுரம், சிகிரியா முதலிய இடங்களில் இவை கிடைத்துள்ளன. அன்றியும், இவற்றைப் பார்த்து இத்தீவிலேயே செய்யப்பட்ட போலிக் காசுகளும் ஏராளம். அவற்றில் எழுத்துக்கள் எழுத்தாக இரா. வெறுங் கோடுகளாகவே இருக்கும். இப்போலிகளை ஏமாற்றுவேலை என்று இகழ்தல் தவறு. சில்லறை வியாபாரத்துக்குச் சிறுகாசு போதாமையால் மக்கள் அப்பழகிய உருவிலேயே காசு செய்து வழங்கினர் என்று கொள்ளுதலே பொருத்தம். அந்நியக் காசு இவ்வாறு நாட்டுக் காசாயிற்று.

யாழ்ப்பாணத்துக் கந்தரோடையின் பழமையை உலகறியச் செய்தவருள் ஒருவர் சேர் போல் பீரிஸ் ஆவர். நீதிபதியாகப் பணியாற்றிய அவர் 1917ஆம் ஆண்டு முதற்கொண்டு அங்கே கிடைத்த பழம்பொருள்களை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். வட இந்தியாவிலும் வழங்கிய முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள், தாமரைமேல் நிற்கும் இலக்குமியின் உருவம் பொறித்த செப்புத் தகடுகள், உரோமக் காசுகள், இராசராசன் காசுகள் ஆகியன ஒரே ஊரிலிருந்து வெளிப்பட்டன. இவற்றைத் தனித்தனியே கடையில் விலைக்கு வாங்கியிருந்தால் ஒவ்வொன்றும் ஓர் அழகிய பொருள் என்பதோடு முடிந்திருக்கும். ஒரே நிலத்தில் ஒருங்கு கிடைத்தமையாலன்றோ, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அவ்வூர் பல நாட்டு வாணிகத்தோடு தொடர்புற்றிருந்தது என்னும் உண்மை புலனாயிற்று!

சீனக் காசும் இத்தகையதே. நடுவிலே சதுரத் துளையும் சுற்றிலும் நான்கு எழுத்துக்களும் உடைய செப்புக் காசுகள், பொலன்னறுவையிலும் யாப்பகூவாவிலும் கிடைத்துள்ளன. அவை பெரும்பாலும் சுங் மரபு அரசர் காலத்தவை. தஞ்சைப் பகுதியிலும் அவ்வகைக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. யாழ்ப்பாணத்துக்கு அணித்தான அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டில் அதே சுங் காலத்துச் சீன மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. காலியில் 1911ஆம் ஆண்டிற் கண்டெடுத்த கல்வெட்டோ சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. அதன் காலம் 1409. அதன் தமிழ்ப் பகுதி, சீனப் பேரரசன் தேனாவரை நாயனாருக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கையாக அளித்ததைக் கூறுகின்றது. காசும் கலமும் கல்வெட்டும் ஒன்றையொன்று தாங்கி நின்று, கீழ்த்திசைக் கடல்வழியில் நம் துறைகள் பெற்ற இடத்தை உறுதிசெய்கின்றன.

அயலரசர் காசில் நம் தெய்வங்கள்

சமயப் பற்றுடைய நம் இளைஞர் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்றும் பிறநாட்டுக் காசுகளில் உண்டு. அவ்கானிஸ்தானத்தில் ஐ கனூம் என்னுமிடத்தில் 1970ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் அகழ்ந்தபோது, அகத்தொக்கிளீசு என்னும் கிரேக்க அரசனின் வெள்ளிக் காசுகள் ஆறு கிடைத்தன. அவை கி. மு. 2ஆம் நூற்றாண்டுக்குரியவை. ஒருபுறத்தில் கலப்பையேந்திய பலராமரும், மறுபுறத்தில் சங்கு சக்கரம் ஏந்திய வாசுதேவ கிருஷ்ணரும் பொறிக்கப்பட்டுள்ளனர். ஒருபுறம் கிரேக்க எழுத்து. மறுபுறம் பிராமி எழுத்து. கிரேக்கன் ஒருவன் ஆண்ட நாட்டிலே கண்ணன் திருவுருவம் காசில் ஏறியது எத்துணை வியப்புக்குரியது!

அதன் பின் நடு ஆசியாவிலிருந்து வந்து வட இந்தியா வரை ஆண்ட குசாண மரபிலே வீம கத்பீசசு என்பான் பொற்காசு வெளியிட்டான். அதன் பின்புறத்தில் முத்தலைச் சூலமேந்திய சிவபெருமான் இடபத்தோடு காட்சியளிக்கின்றார். அவ்வரசனைக் குறிக்கும் பட்டங்களுள் 'மகேசுவர' என்பதும் ஒன்று. சைவத்தின் பரப்பையும் பழமையையும் பேசும்போது நாம் புராணங்களையும் திருமுறைகளையும் எடுத்துக் காட்டுகின்றோம். அவற்றோடு இக்காசினையும் காட்டின், சமயத்துக்குப் புறம்பானோரும் மறுத்தல் அரிது.

சேதுக் காசு அளித்த தீர்ப்பு

இனி, காசின் சாட்சி நம் சொந்த வழக்கிற்கு எவ்வாறு உதவிற்று என்பதைக் காண்போம்.

கி. பி. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையின் வடபாகத்தைக் கைப்பற்றிய முதலாம் இராசராச சோழனின் காசுகள் இத்தீவில் எங்கும் கிடைக்கின்றன. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவமும், நாகரி எழுத்தில் அவன் பெயரும். சோழர் ஆட்சி நீங்கிய பின்னரும் அவ்வமைப்பு நீங்கவில்லை. பராக்கிரமபாகு, நிச்சங்கமல்லன், இலீலாவதி முதலிய பொலன்னறுவை அரசரும் அரசியும் அதே அமைப்பிலேயே தத்தம் பெயரைப் பொறித்தனர்.

இதே மரபில், ஒருபுறம் நிற்கும் அரச உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் இடபமும், அதன்மேற் பிறையும், கீழே தமிழெழுத்தில் 'சேது' என்னும் சொல்லும் பொறித்த செப்புக் காசுகள் வட இலங்கையில் மிகுதியாகக் கிடைத்தன. நெடுங்காலமாக இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என்றே கருதப்பட்டன. அதனால் யாழ்ப்பாணத்து அரசர் சொந்தக் காசே வெளியிட்டதில்லை என்றும் எண்ணினர். காசு வெளியிடாத அரசன் சுதந்திர அரசனாவானா என்னும் ஐயமும் அதனோடு எழுந்தது.

இக்காசுகளை நுணுகி ஆராய்ந்து, அவை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையனவே என 1920ஆம் ஆண்டில் எழுதினார் சுவாமி ஞானப்பிரகாசர். சிவில் சேவை அலுவலராயிருந்த கொட்றிங்டன் என்னும் ஆங்கிலேயர், 1924இற் கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்த இலங்கைக் காசுகள் பற்றிய தமது பெருநூலில் அம்முடிபையே மேற்கொண்டார். முதலியார் இராசநாயகமும் 1926இல் வெளியான தமது ஆங்கில நூலில் அதனை வலியுறுத்தினார். இம்முடிபுக்கு ஆதாரம் யாது? காசு மிகுதியாகக் கிடைக்கும் இடம் வட இலங்கை. கேகாலைப் பகுதிக் கோட்டகமக் கல்வெட்டு ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றியைக் கூறும்போது 'சேது' என்னும் சொல்லையே தலைப்பிற் கொண்டுள்ளது. அவ்வரசர் அவையில் எழுந்த நூல்கள் அவர்களைச் சேதுகாவலர் எனப் போற்றுகின்றன. இம்மூன்றும் ஒன்றுகூடியமையால் வழக்குத் தீர்ந்தது. பின்வந்த பேராசிரியர்களான சி. பத்மநாதன், ப. புஷ்பரட்ணம் முதலியோர் இத்துறையை மேலும் விளக்கியுள்ளனர்.

இதிலே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 'எங்கே கிடைத்தது' என்னும் ஒரு குறிப்பு இல்லாதிருந்தால் இத்தீர்ப்புக் கிடைத்திராது. இந்தியாவிலே ஒரு கடையில் வாங்கப்பட்ட சேதுக் காசு தான் யாருடையதென்று தானே கூறாது. கன்னாருடைய உலையிற் செம்போடு செம்பாக உருகிப்போன காசுகள் எத்தனையோ! 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த ஓர் அரசின் பெயரை நிலைநாட்டியவை, குழந்தைகள் விளையாடியும் பெண்கள் புளி தேய்த்தும் வைத்திருந்த இச்சிறு செப்புத் துண்டுகளே.

கடல் கடந்து வந்தோர் விட்டுச் சென்றவை

போர்த்துக்கேயர் வந்த காலத்தில் இந்து சமுத்திரக் கரையெங்கும் செலாவணியாயிருந்தது லாரின் என்னும் வெள்ளிக் காசு. பாரசீகத்து லார் நகரின் பெயரால் அது வழங்கிற்று. அது வட்டமன்று, வெள்ளிக் கம்பியை மடித்து முத்திரை குத்தியது. இலங்கையில் அதனைத் தூண்டில் போல வளைத்துப் பயன்படுத்தினர். கண்டி நாட்டில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த றொபேட் நொக்ஸ், தூண்டில் உருவான இக்காசை அரசன் அனுமதியோடு எவரும் செய்யலாம் என்று 1681இல் வெளிவந்த தமது நூலிற் குறித்துள்ளார்.

ஒல்லாந்தக் கும்பனியின் செப்புக் காசு இன்றும் நம் கிராமங்களில் தோட்டங் கொத்தும்போது அகப்படுகின்றது. கும்பனியின் மூன்றெழுத்தும் பின்னிப் பிணைந்த முத்திரையை அதிற் காணலாம். சில ஒல்லாந்திலேயே அடிக்கப்பட்டவை. வேறு சில 18ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் இலங்கையில் அடிக்கப்பட்டன. முத்திரையின் மேலுள்ள தனி எழுத்து அவை அடிக்கப்பட்ட ஊரைக் குறிக்கும்: கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை என்பவற்றுக்கு ஒவ்வோர் எழுத்து. யாழ்ப்பாணத்துக்குரியது நேர்க்கோடு போன்ற 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து. அக்கோட்டைக் கவனியாது விட்டால், நம் ஊரிலேயே அடித்த காசை ஒல்லாந்துக் காசென்று ஒதுக்கிவிடுவோம்.

அவர்கள் சென்றனர், அவர்களின் காசு நம் வாயில் நின்றுவிட்டது. 'துட்டு' என்பது ஒல்லாந்தரின் சிறு செப்புக் காசின் பெயரிலிருந்து வந்ததென்பர். இன்று தாலிக்கு இத்தனை 'பவுண்' என்கிறோமே, அது ஆங்கிலப் பொற்காசின் பெயர். அக்காசின் நிறை 8 கிராமுக்குச் சற்றே குறைவு. வாங்கியது மாத்திரமன்று, கொடுத்ததும் உண்டு. சிறுகாசைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கிய 'காஷ்' என்னும் சொல் நம் 'காசு' என்னும் சொல்லின் வழிவந்தது.

வீட்டுப் பெட்டியில் உள்ள சரித்திரம்

பழங்காசு நமக்கு எங்கே கிடைக்கும் என்று இளைஞர் ஏங்க வேண்டுவதில்லை. முதலில் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்துத் திரும்பியோர் பலர். அவர்கள் குடும்பங்களில் மூலை மழுங்கிய சதுரக் காசு ஒன்றேனும் இருத்தல் கூடும். 1919ஆம் ஆண்டு தொடக்கம் நீரிணைக் குடியேற்றங்களிலும் பின்னர் மலாயாவிலும் வழங்கிய ஒரு சதக் காசு அது. யப்பானியர் மலாயாவை ஆண்டபோது வெளியிட்ட, வாழைமரப் படம் போட்ட பத்து டொலர் நோட்டும் சில வீடுகளில் உண்டு. 1945இல் யுத்தம் முடிந்ததும் அது ஒரே நாளில் வெறுங் காகிதமாயிற்று. அதிற் சம்பளம் வாங்கியவரின் பட்ட பாட்டை அறிந்த பெரியோர் கூறக் கேட்டு எழுதிவைத்தால், அந்நோட்டு எந்த நூலகத்திலும் இல்லாத ஒரு சரித்திரத்துக்கு ஆதாரமாகும்.

இக்காலத்தில் நம்மவர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வரும் உறவினரின் பையில் அந்நாட்டுச் சில்லறை இருக்கும். 2002ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஐரோப்பிய நாடுகள் பன்னிரண்டில் யூரோக் காசு வழக்குக்கு வந்தது. அதனாற் பிரெஞ்சு பிராங்கும் ஜேர்மன் மார்க்கும் சரித்திரப் பொருள்களாயின. 1980களிற் புலம்பெயர்ந்தோர் முதன்முதற் சம்பளமாக வாங்கியவை அக்காசுகளே. சிங்கப்பூர்க் காசை எடுத்துப் பாருங்கள். 1985 முதல் வெளிவந்த வரிசைகளில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் பொறித்திருக்கும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியிலும் ஊர்ப்பெயரைத் தமிழிற் பொறித்த செப்புக் காசு வழங்கிற்று. அந்நியர் வெளியிட்ட காசிலே தமிழ் ஏறியுள்ள இடங்களை மாத்திரம் ஒருவர் தேடிச் சேர்த்தாலும் அஃது ஒரு சிறந்த தொகுதியாகும்.

சேர்க்கும் முறை

இப்பொழுதுபோக்கிற் புகுவோர் கவனிக்க வேண்டியவை சில.

முதலாவது, பழங்காசைப் புளியிட்டும் சாம்பலிட்டும் விளக்குதல் ஆகாது. குத்துவிளக்குக்கு ஏற்ற வேலை காசுக்கு ஏலாது. களிம்போடு எழுத்தும் போய்விடும். பின்னர் எவராலும் அதனை மீட்க இயலாது. விளிம்பிற் பிடித்தே காசைக் கையாளுதல் வேண்டும். வியர்வைக் கைபட்ட இடம் கறுக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு காசையும் தனிக் காகித உறையில் இட்டு ஈரம் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும். நெகிழும் தன்மையுள்ள பிளாஸ்ரிக் உறைகளில் நீண்டநாள் வைத்தால் பச்சைப் பிசின் படியும்.

மூன்றாவது, எல்லாவற்றினும் முக்கியமானது குறிப்பேடு. உறையில் ஓர் எண்ணை இட்டு, அதே எண்ணின்கீழ் ஏட்டிலே உலோகம், நிறை, குறுக்களவு, இருபுறத்து உருவம், எழுத்து, கிடைத்த இடம், கிடைத்த நாள், அதனோடு கிடைத்த பிற பொருள்கள் ஆகியவற்றை எழுதுக. வாங்கிய காசாயின் வாங்கியதென்றே எழுதுக. தெரியாததைத் தெரிந்ததாக எழுதற்க. காசு சேர்ப்போனுக்கு வேண்டிய நாணயம் அதுவே.

நான்காவது, சட்டத்தை அறிந்து நடத்தல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள்களாகக் கொள்கின்றது. மண்ணிற் கண்டெடுத்த அத்தகைய பொருளை அறிவியாது மறைத்தலும், அனுமதிப் பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புதலும் குற்றமாகும். புதையலென்று கோவில் வளவையும் பழங்குள மேட்டையும் தோண்டுவோர் சட்டத்தை மீறுவதோடு, சரித்திரத்தின் ஏட்டையும் கிழித்தெறிகின்றனர். அவர்களிடம் காசு வாங்குவோரும் அப்பாவத்திற் பங்காளிகளே.

நம் கடமை

நீண்ட யுத்தத்தினால் நம் மக்கள் இழந்தவற்றுக்கு அளவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1995இல் வலிகாமத்து மக்கள் ஓர் இரவிற் கையிற் கிடைத்ததோடு வெளியேறினர். திரும்பி வந்தபோது வீட்டிற் சுவரும் இல்லை, பெட்டியும் இல்லை. பாட்டன் சேர்த்த காசும் அவற்றோடு போயிற்று. போனவற்றுள் எவையெவை இருந்தன என்று கூறுவதற்கு ஒரு குறிப்பேனும் நம்மிடம் இல்லை. பொருள் அழிந்தாலும் குறிப்பு எஞ்சியிருந்தால் அறிவு அழியாது. கந்தரோடையிற் கிடைத்தவற்றைப் பீரிஸ் எழுதிவைத்தமையால் அன்றோ நாம் இன்று அவற்றைப் பற்றிப் பேசுகின்றோம்!

ஆகவே நம் சங்கங்களிலும் பாடசாலைகளிலும் இளைஞர் சிலர் ஒன்றுகூடி, தத்தம் ஊரில் வீடுகளிலுள்ள பழங்காசுகளை உடையவரிடமே விட்டுவிட்டு, படமும் குறிப்பும் மாத்திரம் எடுத்துத் தொகுத்தல் பெருந்தொண்டாகும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு சிறு தராசும், அளவுகோலும், ஒரு கொப்பியும் போதும். பெரியோர்களும் பெட்டியைத் திறந்து காட்டி, அக்காசு வந்த கதையைத் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். சொல்பவர் இருக்கும்போதே கேட்டு எழுதுதல் கேட்பவரின் கடன்.

"செல்லாக் காசைச் சேர்த்து என்ன கண்டீர்கள்?" என்னும் பெரியோருக்கு நாம் கூறும் விடை இதுவே: உரோமரின் காசிலே அவர்களின் நேர்மையைக் கண்டோம், குசாணரின் காசிலே சிவபெருமானைக் கண்டோம், சேதுக் காசிலே நம் அரசைக் கண்டோம். இனிக் காணவேண்டியவை இன்னும் மண்ணிலும் பெட்டியிலும் உள்ளன. அவை சாட்சி சொல்லுதற்கு ஊரும் பேரும் எழுதிவைக்கும் கைகளே வேண்டும்.